கூடத்தில் கத்திய ட்வீட்டர்

நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நானே கெடுத்துக்கொண்டேன். கை தவறிக் கெடுக்கவில்லை. படித்து, யோசித்து, பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கி, அதன் உச்சியில் ஏறி நின்று கெடுத்தேன். இறங்கி வந்தபோது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. தரையில் நின்றபடி முட்டாளாக இருப்பது யாராலும் ஆகும். ஏணிமேல் நின்று முட்டாளாக இருக்கக் கொஞ்சம் உழைப்பு வேண்டும்.

கொல்கத்தாவில் எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, என் மாமியார். காற்று ஒழுங்காக அடித்தால் லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைக்கும் வாசனை எங்கள் பால்கனிவரை வரும். காற்று திரும்பினால் கீழ்வீட்டில் பொரிக்கும் இலிஷ் மீனின் வாசனை வரும். காற்று பெரும்பாலும் திரும்பியே இருக்கும்.

மீனை வீணாகச் சொல்லவில்லை. என் மாமியார் தினமும் காலையில் குளித்து, ஒன்பது கஜப் புடவையை நனைத்துப் பிழிந்து, மடியாக உலர்த்துகிறவர். மறுநாள் காலை அவரே எடுத்து உடுத்தும்வரை அதை யாரும் தொடக் கூடாது. பால்கனியில் போட்டால் மனிதர்கள் தொட மாட்டார்கள், இலிஷ் தொட்டுவிடும். ஆகவே கூடத்தில், சமையலறை வாசலுக்குச் சற்று முன்னால், உத்தரத்துக் கொக்கிகளிலிருந்து கயிற்றில் ஒரு மூங்கில் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. கோலால் தூக்கி அதன்மேல் புடவையை மடித்துப் போடுவார். அது ஆள் உயரத்துக்குத் தொங்கும். கொல்கத்தாவின் ஈரக் காற்றில் எந்தத் துணியும் சாயங்காலத்துக்குள் காய்ந்ததாகச் சரித்திரம் இல்லையாதலால் விளக்கேற்றிய பிறகும் அங்கேயே தொங்கும்.

விளக்கேற்றிய பிறகுதான் எங்கள் வீட்டில் கச்சேரி. வங்கியிலிருந்து அலுத்துச் சலித்து வந்த காலத்திலிருந்தே அது வழக்கம். கூடத்தின் இந்தக் கோடியில் என் நாற்காலி, அந்தக் கோடியில் பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும். நான் பொத்தானை அமுக்குவேன். தம்புரா தொடங்கிய கையோடு சமையலறையில் அடுப்பு அணையும். மாமியார் மோடா என்கிற குட்டிப் பிரம்பு இருக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து புடவைக்கு அந்தப் பக்கம் போட்டு உட்காருவார். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் புடவைக்குக் கீழே அவருடைய கால்விரல்கள் மட்டும் தெரியும். அவை தாளம் போடும். ஆதி தாளத்துக்குக் கட்டைவிரல் ஒன்றே போதும். மிஸ்ர சாபு வந்தால் ஐந்தும் சேர்ந்து பாடுபடும்.

விமர்சனம் மறுநாள் காலைக் காப்பியோடு வரும். "நேத்திக்குத் தோடி கொஞ்சம் அவசரம்," என்பார். என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார், டபராவைப் பார்த்துச் சொல்வார். நானும் டபராவைப் பார்த்து, "ஆமாம், ஓடிட்டார்," என்பேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் என்னோடு சேர்ந்து ஒரு ராகத்தை முழுசாக உட்கார்ந்து கேட்கிற மனுஷி அவர் ஒருவர்தான். என் மனைவிக்கு ஆலாபனை ஆரம்பித்தாலே ஏதாவது துணி மடிக்க வேண்டியிருக்கும். மாமியாரைப் பற்றி நகைச்சுவை சொல்லிக் கைதட்டல் வாங்கும் நண்பர்கள் கூட்டத்தில் நான் எதுவும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வாய்த்தவர் சக ரசிகர்.

ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள். இனி நிறைய நேரம் இருக்கிறதே என்று புது ஸ்பீக்கர்கள் வாங்கினேன். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளிக் கிண்ணியைக் கவிழ்த்தது போல ஒரு ட்வீட்டர். மேல்ஸ்தாயியை அனுப்புகிற சின்ன ஸ்பீக்கருக்கு அதுதான் பெயர். பார்க்க ஸ்வாமி பாத்திரம் மாதிரி இருந்தது. பூ வைக்காததுதான் பாக்கி.

பிறகு இணையத்தில் படிக்கத் தொடங்கினேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே ஒரு தடையும் இருக்கக் கூடாது, கூடம் சுத்தமாக, திறந்து, வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அவருக்குக் கூடமே இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. திவான் போயிற்று. அதன் மேலிருந்த இலவம்பஞ்சு மெத்தை போயிற்று. கனத்த திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டு வழவழப்பான பிளாஸ்டிக் பட்டைகளை மாட்டினேன். புத்தக அலமாரி உள்ளறைக்குப் போயிற்று. தரைவிரிப்பு சுருண்டது. நடுவில் ஒரு கண்ணாடி மேஜை வந்தது. மொசைக் தரையைத் துடைத்துப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. அப்போதாவது எச்சரிக்கை அடைந்திருக்கலாம்.

கடைசியாகக் கொடி மிஞ்சியது. வலது ஸ்பீக்கருக்கும் மாமியாரின் மோடாவுக்கும் நடுவே ஒன்பது கஜம் தொங்கினால் அவருக்கு எப்படி முழு ஒலி போய்ச் சேரும்? அவருக்காகத்தான் யோசித்தேன், சத்தியமாக. பின்னறையில் மடக்கி விரிக்கிற எஃகு ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வைத்தேன். மாமியாரிடம் சொன்னேன், அதாவது மாமியாருக்குக் கேட்கும்படி மனைவியிடம் சொன்னேன்.

"சரி," என்றார் மாமியார், டபராவைக் கழுவிக்கொண்டே.

ஏணி வந்தது. கொடி இறங்கியது.

அன்று சாயங்காலம் இருப்பதிலேயே நல்ல ஒலிப்பதிவாகத் தேர்ந்தெடுத்தேன். காம்போதி. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, பொத்தானை அமுக்கினேன்.

யாரோ முகத்தில் அறைந்தது போல இருந்தது.

தம்புரா கம்பி கம்பியாகப் பிய்ந்து வந்தது. பாடகி 'ஸ' என்று சொன்ன இடமெல்லாம் காயும் எண்ணெயில் அப்பளம் விழுந்தது. வயலின், சிலேட்டில் ஆணியால் கோடு கிழித்தது. மிருதங்கத்தின் வலந்தலையைக் கழற்றிவிட்டு பிஸ்கட் டின்னின் மூடியைக் கட்டியிருந்தார்கள். கண்ணைத் திறந்து ஸ்பீக்கரைப் பார்த்தேன். வெள்ளிக் கிண்ணிகள் இரண்டும் அப்பாவியாக மின்னின. அதே பாட்டு. நூறு தடவை கேட்ட பாட்டு. இத்தனை நாள் இதற்குள் ஒரு தகரக் கடை ஒளிந்திருந்ததா?

சமையலறை வாசலில் மாமியார் மோடாவும் கையுமாக வந்து நின்றார். வெறும் தரையைப் பார்த்தார், பளபளக்கிற மேஜையைப் பார்த்தார். பிறகு மோடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாப்பிள்ளையான நாளிலிருந்து என் கச்சேரியிலிருந்து அவர் எழுந்து போனதில்லை. இன்று உட்காரவே இல்லை.

"ஏன் அம்மா போய்ட்டா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"போகாம? இது பாட்டா? எனக்கே பல்லு கூசறது. தூர், அதைக் கொஞ்சம் கொறையுங்கோளேன்." அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். எரிச்சல் வந்தால் தமிழுக்கு நடுவே ஒரு வங்காளத் 'தூர்' விழும், நம் 'சீ, போ' மாதிரி.

மறுநாள் காப்பியோடு விமர்சனம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மாமியார் சாயங்காலமானால் பின்னறைக்குப் போய் ஜபமாலையை எடுத்துக்கொண்டார். அங்கே மிருதங்கத்தின் 'தொம்' மட்டும்தான் சுவர் வழியாகப் போகும், ராகம் போகாது. நானும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. தாடை இறுகி, நெற்றிப் பொட்டு தெறித்து, பாட்டை அணைத்த பிறகுதான் உடம்பு நாற்காலியில் உட்காரும். காசு கொடுத்து வாங்கிய பல்வலி.

இதெல்லாம் வேடிக்கையாகவே முடிந்திருக்கும். ஆனால் ஒருநாள் மனைவி காய்கறி நறுக்கியபடி, சாதாரணமாக, "பூஜை முடிஞ்சதும் அம்மா ஜாம்ஷெட்பூர் போறேங்கறா," என்றாள்.

ஜாம்ஷெட்பூரில் என் மைத்துனர் இருக்கிறார். அவ்வப்போது கூப்பிடுவார். மாமியார் பார்ப்போம் என்று சொல்லித் தள்ளிப்போடுவார். அதுதான் ஏற்பாடு.

"எத்தனை நாளைக்கு?"

"நாளென்ன நாள். போனா அங்கேயே இருந்துடறேன்னு அண்ணாகிட்ட சொல்லிட்டா."

கையிலிருந்த தண்ணீர் டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். "அங்கே சாயங்காலமானா டிவி சீரியல்னா ஓடறது?"

"இங்கே மட்டும் என்ன ஓடறது இப்போ?" என்றாள் அவள்.

என் கூடத்திலிருந்து ஒரு மனுஷியைத் துரத்திவிட்டு, இரண்டு வெள்ளிக் கிண்ணிகளை உட்கார்த்தி வைத்திருக்கிறேன். துர்கா பூஜைக்குப் பந்தல் மூங்கில்கள் தெருவில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. அவை பிரிக்கப்படுவதற்குள் ட்ரெபிள் என்கிற இந்த மேல்ஸ்தாயிக் கூச்சலை வழிக்குக் கொண்டுவராவிட்டால் மாமியார் ரயிலேறிவிடுவார்.

முதலில் ட்ரெபிள் குமிழைத் திருகினேன். பாடகிக்கு ஜலதோஷம் பிடித்தது, அப்பளம் மட்டும் பொரிந்துகொண்டே இருந்தது. ட்வீட்டர் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டினேன். பிறகு ஒரு கம்சா துண்டை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டேன். சிவப்புக் கட்டம் போட்ட துண்டோடு ஸ்பீக்கர்கள் கங்கையில் முழுகிவிட்டுக் கரையேறிய இரண்டு ஆசாமிகளைப் போல நின்றன. ஒயரை மாற்றினேன். ஒயரை மாற்றியதும் அற்புதமான வித்தியாசம் தெரிந்தது. பத்து நிமிடம் கழித்து, மாற்றிய ஒயரை இன்னும் செருகவே இல்லை என்பதும் தெரிந்தது.

இந்த நிலையில்தான் ஜாதவ்பூர் தாதாவைக் கூப்பிட்டேன். இங்கே தாதா என்றால் அண்ணா, ரௌடி இல்லை. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற வங்காளி. லேக்கைச் சுற்றி நடக்கும்போது பழக்கம். எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உள்ளவர். அதனாலேயே பாதி சரியாக இருக்கும். வந்தவர் செருப்பைக் கழற்றியதும் கூடத்தின் நடுவில் நின்று, பாட்டைப் போடச் சொல்லாமல், ஓங்கி ஒரு கை தட்டினார்.

கூடம் திருப்பித் தட்டியது. 'ட்ஸிங்' என்று ஒரு சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி, கண்ணாடி மேஜையில் குதித்து, உத்தரத்தில் போய்த் தேய்ந்தது.

"ஷர்போனாஷ்," என்றார் தாதா. குடி முழுகியது என்று அர்த்தம். "மோஷாய், இது டிராயிங் ரூமா, பாத்ரூமா?"

"டிராயிங் ரூம்தான். சுத்தமா வெச்சிருக்கேன்."

"ரொம்ப சுத்தம். உங்க பாட்டுக்கு உட்கார ஒரு இடம் இல்லை. தரையில விழுது, சறுக்குது. கண்ணாடியில விழுது, சறுக்குது. கடைசியில எங்கே வந்து விழும்? உங்க காதுல." அவர் நாற்காலியைச் சுற்றி வந்தார். "ஸ்பீக்கர் ரெண்டையும் ஏன் துப்பாக்கி மாதிரி மூஞ்சிக்கு நேரே வெச்சிருக்கீங்க? யார்கிட்ட சரணடையப் போறீங்க?"

"இணையத்துல போட்டிருந்தது..."

"இணையத்துல ரஸகுல்லாவை உப்பு போட்டுப் பண்ணச் சொல்லியும் இருக்கும்."

என் மனைவி தேநீரை நீட்டியபடியே, "நல்லா சொல்லுங்க தாதா, இவருக்கு வங்காளத்துல சொன்னாத்தான் ஏறும்," என்று சுத்தமான வங்காளத்தில் சொன்னாள்.

அவர் சொன்னபடி எல்லாம் செய்தேன். தரைவிரிப்பு விரிந்தது. கண்ணாடி மேஜை உள்ளே போயிற்று. புத்தக அலமாரி திரும்பி வந்தது. பிளாஸ்டிக் பட்டைகளை உருவிவிட்டுப் பழைய திரைச்சீலைகளை மாட்டினேன். ஸ்பீக்கர்களின் முகத்தைக் கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்பினேன், கோபித்துக்கொண்ட தம்பதி மாதிரி. பாட்டைப் போட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே கேட்டேன், இந்த முறை மூடத் துணிச்சல் இல்லை.

அப்பளம் நின்றுவிட்டது. தம்புரா தம்புராவாக இருந்தது. வயலினில் மறுபடியும் மரம் இருந்தது. ஒரு மணி நேரம் கேட்டும் தாடை தாடையாகவே இருந்தது. "இப்போ தலைவலிக்கலை," என்று மனைவியே சொன்னாள். அவள் வாயிலிருந்து என் ஸ்டீரியோவுக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு விருது கிடைத்ததில்லை.

மாமியார் வரவில்லை.

மறுநாள் அவருக்குப் பிடித்த காம்போதியையே போட்டேன். வரவில்லை. சமையலறை வாசல்வரை நிழல் வந்தது. நின்றது. போய்விட்டது.

எனக்குத் திகிலாகிவிட்டது. இன்னும் குத்துகிறது போலிருக்கிறது, வயதானவர் காது நம் காதைவிட நுணுக்கமாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். என் புத்திக்கு வேறு கதவு திறக்கவில்லை. இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தேன். இரண்டு மூலையிலும் தலையணைகளை அடுக்கினேன். பின்சுவரில் காந்தா போர்வைகளை ஆணியடித்து மாட்டினேன். ட்வீட்டருக்கு மறுபடியும் கம்சா கட்டினேன். இப்போது மேல்ஸ்தாயி என்பதே கூடத்தில் இல்லை. பாடகி பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து பாடினார்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "இது கச்சேரியா, கடத்தல் கேஸா? பாடற அந்த அம்மாவை அவிழ்த்து விடுங்கோ. மூச்சு முட்டறது."

"உங்கம்மா காதுக்காகத்தானே பண்றேன்."

"அம்மா பெட்டியை எடுத்துத் துடைச்சு வெச்சாச்சு," என்றாள்.

பின்னறையில் எட்டிப் பார்த்தேன். நான் வாங்கிவைத்த எஃகு ஸ்டாண்டில் ஒன்பது கஜம் தொங்கியது. அதற்கு அருகில், திறந்தபடி, ஒரு பழைய பெட்டி. அடியில் செய்தித்தாள் விரித்து ரசகற்பூரம் போட்டிருந்தது. மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பேச வாயெடுத்தேன். 'ட்ரெபிளை இன்னும் கொறைக்கட்டுமா' என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. அதைச் சொல்லாமல் திரும்பியது என் வாழ்க்கையின் சில நல்ல முடிவுகளில் ஒன்று.

நவராத்திரிக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் பந்தல் துணிகள் தொங்கிப்போய் நின்றன. பால்கனிக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்து தரைவிரிப்பை நனைத்துவிட்டது. மெத்தையும் ஒரு மூலையில் ஊறி, தலையணைகளோடு பின்னறைக்குப் போயிற்று. கொலு வைக்க வேண்டுமென்று மனைவி திரைச்சீலைகளையும் காந்தா போர்வைகளையும் கழற்றித் துவைத்துவிட்டாள். அலமாரியைக் கொலுப்படிக்காக ஓரம் தள்ளினாள். துடைப்பதற்காக ஸ்பீக்கர்களை நகர்த்தி, திருப்பி வைக்கும்போது என் மூஞ்சிக்கு நேராக வைத்தாள். கம்சாவைத் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். ஒரே காலையில் என் வைத்தியம் முழுவதும் கரைந்து, கூடம் பழையபடி மொட்டைத் தலையாகப் பளபளத்தது.

போதாததற்கு, துவைத்த படுக்கை விரிப்புகளுக்கு எஃகு ஸ்டாண்டில் இடமில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து சமையலறைக் கதவின் கொக்கிவரை குறுக்கே ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, ஈர விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டாள்.

"நடுக்கூடத்துலயா? சவுண்டு என்ன ஆறது?"

"சவுண்டு கிடக்கட்டும். விரிப்பு காயணும். நீங்க வேணா போய் மழையை நிறுத்திட்டு வாங்கோ."

சாயங்காலம் வேறு வேலையில்லாத காரணத்தாலும், கொஞ்சம் முறுக்கோடும், பாட்டைப் போட்டேன். கேட்பதற்காகப் போடவில்லை, அவள் செய்த காரியத்தின் பலனை அவளே அனுபவிக்கட்டும் என்று போட்டேன். பலன் எனக்குத்தான் வந்தது. முதல் நாளின் தகரக் கடை இரண்டு கிளைகளோடு திறந்தது. அப்பளம், ஆணி, பிஸ்கட் டின், எல்லாம் முழு பலத்தில். கூடவே மழை. ராகம் தோடி என்று அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் பொறுத்தேன். நிறுத்திவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன்.

எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

விரிப்புக்குக் கீழே, மொசைக் தரையில், கால்விரல்கள்.

முதலில் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மோடாவின் பிரம்புக் கால், அதற்கு முன்னால் அவருடைய பாதம். கட்டைவிரல் நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இந்த நாராசத்துக்கு. ட்வீட்டர் என் காதில் கடப்பாறை இறக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தோடி கேட்டுக்கொண்டிருந்தார்.

காகிதம், கம்சா, ஒயர், மெத்தை, தாதாவின் கைதட்டல் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து என்னைப் பார்த்து நின்றன. அவர் காதில் எதுவும் குத்தவே இல்லை. ஒருநாளும் குத்தவில்லை.

நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால் விரல்கள் போய்விடும். ஒலியைக் குறைத்தால்கூட அவர் எழுந்துவிடுவாரோ என்று பயம். ரிமோட்டை மடியில் வைத்தேன், பாம்பை வைப்பது போல. ஆலாபனை முடிந்து கீர்த்தனை வந்தது. கீர்த்தனை முடிந்து ஸ்வரம் வந்தது. ஒவ்வொரு 'ஸ'வுக்கும் ஒவ்வொரு பல்லாகக் கூச, நெற்றிப்பொட்டு தெறிக்க, தும்மல் வந்ததை விழுங்கிக்கொண்டு, கேட்டதிலேயே மிக மோசமான கச்சேரியைக் கடைசித் தனிஆவர்த்தனம்வரை அசையாமல் கேட்டு முடித்தேன். நடுவில் மனைவி தட்டில் ஏதோ கொண்டுவந்தாள். நான் உதட்டில் விரல் வைத்துக் கீழே காட்டினேன். பார்த்தாள். தட்டு சாய்ந்து ஒரு பஜ்ஜி உருண்டது. இருவரும் அதை எடுக்கவில்லை.

மாமியார் எழுந்து போன பிறகு சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டோம்.

"சத்தம் பிடிக்கலைன்னுதானே நெனச்சோம்," என்றாள்.

"நீதான் பல்லு கூசறதுன்ன."

"என் பல்லைச் சொன்னேன். அம்மா பல்லைப் பத்தி எனக்கென்ன தெரியும்?" கொஞ்ச நேரம் அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "ஏன்னா, ஒண்ணு யோசிச்சேளா? அம்மா உங்க எதிர்ல நாற்காலில உக்காந்து என்னிக்காவது பார்த்திருக்கேளா?"

யோசித்தேன். கல்யாணத்திலிருந்து யோசித்தேன். கல்யாண வீடுகளில், ரயிலில், டாக்டர் வீட்டு வரவேற்பறையில். நான் இருந்தால் அவர் நின்றுகொண்டிருப்பார். அல்லது கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பார். அல்லது ஏதோ வேலை இருப்பதாக எழுந்துவிடுவார். மாப்பிள்ளைக்குச் சமமாக, மாப்பிள்ளை பார்க்க, காலை நீட்டிக்கொண்டு உட்காருவதில்லை. இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள் என்று நான் சொல்லியிருப்பேன், அவர் என்னிடம் சொல்லியிருந்தால். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ. இத்தனை வருஷமும் ஒரு கூடத்தில் சேர்ந்து உட்கார அந்தப் புடவை ஒன்றுதான் எங்களுக்கு வழி விட்டிருந்தது. அதை நான் ஏணி போட்டுக் கழற்றி, 'தடை நீங்கியது' என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

"நீ அவ பொண்ணு. உனக்குமா தெரியலை?"

"எங்கம்மா சமையக்கட்டு வாசல்லதான் உக்காருவா. எனக்கு அது அம்மாவோட இடம், அவ்வளவுதான். ஏன்னு ஒருநாளும் கேக்கத் தோணலை," என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயம் அன்று நறுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அடுத்த வீட்டு ஏணி வந்தது. ஏணிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், இந்த ஆள் உத்தரத்தில் என்ன புதைத்து வைத்திருக்கிறான் என்று. கொக்கிகள் இருந்தன. பால்கனியில் கிடந்த மூங்கிலைக் கழுவித் துடைத்துக் கயிறு கட்டினேன். மாமியார் குளித்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்று பார்த்தார். ஏன் கழற்றினேன், ஏன் மாட்டுகிறேன் என்று கேட்கவில்லை.

"கிழக்கால கொஞ்சம் சாஞ்சிருக்கு," என்று மகளிடம் சொன்னார்.

இறங்கி, மறுபடி ஏறி, சரிசெய்தேன்.

சாயங்காலம் கொடியில் ஒன்பது கஜம் தொங்கியது. தரைவிரிப்பு பாதிதான் காய்ந்திருந்தது, இருந்தாலும் விரித்தேன். ஸ்பீக்கர்களின் முகத்தை மறுபடியும் வெளிப்புறமாகத் திருப்பினேன், இது என் பல்லுக்காக. காம்போதி. தம்புரா தொடங்கியது. அடுப்பு அணைந்தது. மோடா தரையில் உரசும் சத்தம் கேட்டது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு பதில் தெரிந்தாக வேண்டியிருந்தது. மைத்துனர் காலையில்தான் தொலைபேசியில், டிக்கெட் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பெட்டி இன்னும் பின்னறையில் திறந்தே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, புடவையைப் பார்த்து, "அம்மா, சத்தம் சரியா இருக்கா? குத்தினா சொல்லுங்கோ, ட்ரெபிளைக் கொறைக்கறேன். ஜாம்ஷெட்பூருக்கு... டிக்கெட் வேண்டாம்னு சொல்லிடட்டுமா? இல்லை, நீங்க போகணும்னா போங்கோ, நான் சொல்ல வந்தது என்னன்னா, அந்தக் கொடியை நான் உங்க சௌகரியத்துக்குன்னுதான்..." என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தேன்.

"பாட்டு நடக்கறச்சே என்ன பேச்சு, மாப்பிள்ளை," என்றார்.